ஆறிலிருந்து பன்னிரண்டு வரை

பதினொன்றரை ஆகும் முன்பே வெள்ளைச் சட்டையை மாட்டி, தோளில் இரண்டு கோட்டுப் பட்டையைச் செருகி, காலுறை வரைக்கும் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான் ரெமிஜியஸ். முகூர்த்தத்துக்கு ஆள் வந்து கூட்டிப்போகக் காத்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி, முதுகைச் சாய்க்காமல், மடிப்புக் கலையாமல், கையில் போனோடு. அட்டவணையில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை என்று போட்டிருந்தது. அது உலக நேரம். விமானக்காரர்களுக்கு பூமி பூராவும் ஒரே கடிகாரம்தான். அதோடு ஐந்தரையைக் கூட்டிக்கொண்டால் தில்லியில் பதினொன்றரையிலிருந்து சாயந்தரம் ஐந்தரை. அந்த ஆறு மணி நேரத்துக்குள் கம்பெனி எந்த நொடியில் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும், எடுத்த தொண்ணூறாவது நிமிடம் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். எவனுக்காவது காய்ச்சல் வரவேண்டும், எவனுடைய காராவது வழியில் படுத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் இவனுக்கு ஒரு விமானம். அடுத்தவன் வயிறு கெட்டுப்போகட்டும் என்று மாதாவிடம் எப்படிக் கேட்பது? கேட்கவும் செய்தான், போன வாரம், வாய்விட்டே. மாதா காதில் வாங்கவில்லை. கடைசியாக ஒரு விமானத்தைத் தரையிறக்கி இன்றோடு எண்பத்து மூன்று நாள். தொண்ணூறு நாள் தாண்டினால் சிமுலேட்டர் என்கிற பொய் விமானத்துக்குள் உட்கார வைத்துத் திரும்பவும் பரீட்சை வைப்பார்கள். அதற்கும் வரிசை நீளம், அந்த வரிசையிலும் இவன்தான் கடைசி. புதிதாகச் சேர்ந்தவன் எல்லா வரிசையிலும் கடைசி. கழுத்துப்பட்டைக்குள் சலவைக்காரர் குத்திய துணிச்சீட்டு உறுத்தியது. பிடுங்கிவிடலாம், ஆனால் அதற்குப் போனைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் என்ன? வைத்தால் ஒன்றுமில்லை. வைக்கவில்லை.

முதல் மாதத்தில் ஒருநாள் வைத்தான். குளிக்கப் போனான், முகமெல்லாம் சோப்பு, அறைக்குள்ளே போன் அடித்தது. வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்து பார்ப்பதற்குள் ஐந்து முறை அடித்து ஓய்ந்திருந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டான். "உங்களுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தோம், வேறொருவரை அனுப்பிவிட்டோம்" என்றாள் கம்பெனியில் அட்டவணை பார்க்கிற பெண், கோபமே இல்லாத இந்தியில். தொடர்புக்குக் கிடைக்கவில்லை என்று அவன் பேருக்கு எதிரே ஒரு வரி ஏறிற்று. இன்னொரு வரி ஏறினால் விளக்கக் கடிதம். தகுதிகாண் காலத்தில் இருக்கிறவன் விளக்கக் கடிதம் எழுதினால் அது யாருக்கும் எதையும் விளக்காது என்று கூடத் தங்கியிருக்கும் பஞ்சாபிக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து குளிக்கும்போது போனை பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழாயில் தொங்கவிடுகிறான். தெருவில் உருளைக்கிழங்கு விற்கிற ஒருவன் "ஆலூ லே லோ" என்று இழுத்துக்கொண்டு போனான். பக்கத்து வீட்டுக் குக்கர் கூவியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கை துள்ளியது. இரண்டு அழைப்புகள் இருக்கின்றன இந்தப் போனுக்குள். ஒன்று கம்பெனியுடையது, வர வேண்டும் என்று ஏங்குவது. இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து ஜெனோவா அக்காவுடையது, வரவே கூடாது என்று பயப்படுவது. இரண்டுக்கும் ஒரே மணிதான் வைத்திருக்கிறான். அக்காவுக்குத் தனி மணி வைத்தால் எடுத்துப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிற அந்த இரண்டு நொடி வேண்டும் அவனுக்கு. அந்த இரண்டு நொடியில்தான் அப்பா இன்னும் சாகாமல் இருக்கிறார்.

சீ, என்ன நினைப்பு. அப்பா இருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவு, நாலாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் ஒரே ஒரு ஆளை உள்ளே விடுவார்கள். "போன அவிய காதுல வச்சுக் குடுக்கேன், பேசிருல தம்பி. டாக்டரு இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லுதாரு" என்றாள் அக்கா நேற்று. "நாளைக்கு ஒருநாள்தாங்க்கா. நாளன்னைக்கு எனக்கு லீவு, காலைல டிக்கெட் போட்டிருக்கேன்." அக்கா விடவில்லை. "நீ லீவு பாத்து வா. அப்பா லீவு பாத்தால போவாவ?" அந்தக் கேள்வி இரவெல்லாம் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்காத முள். அவசர விடுப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி நாலு நாளாக அனுப்பாமல் வைத்திருக்கிறான். தந்தை கவலைக்கிடம் என்று எழுதிவிட்டான். அனுப்பினால் அது நிஜமாகிவிடும். விடுப்பில் போனால் தொண்ணூறு நாளும் தாண்டிவிடும். அது காரணமா, இது காரணமா? இரண்டில் ஒன்றுதான் காரணம், இன்னொன்று சாக்கு. எது எது என்று பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. பதினொன்று நாற்பது. உலகத்துக்கு ஆறு பத்து. அப்பா காதில் போனை வைக்கிறபோது உலகத்துக்கு ஆறரை ஆகியிருக்கும்.

இன்று பேசியே ஆகவேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றை. இத்தனை மாதமாகச் சொல்லிவந்த பொய்யை, அப்பாவின் காது கேட்கும்போதே அவிழ்த்துவிட வேண்டும். காலையில் சிபி அனுப்பியிருந்த செய்தியைத் திரும்பத் திறந்தான். சிபி அவனோடு ஒரே வகுப்பில் சேர்ந்த கோபிச்செட்டிபாளையத்துக்காரன். 'மாப்ள, நேத்து உங்கூர்ல வண்டி நின்னு போச்சு. டயர் மாத்தோணும்னு நாலு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவப் பாத்துட்டு வந்தேன். நல்லா நெனவா இருக்காரு. வகுப்புல ஆளுக்கொரு விமானம்னு பிரிச்சுக் குடுத்த கதையக் கேட்டாரு, சொன்னேன். நான் சின்னதக் கேட்டதும் நீங்கெல்லாம் சிரிச்சீங்களே, அதச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு. நீ நாலாவதா எந்திரிச்சுப் பெருசக் கேட்டதையும் சொன்னேன். தைரியமா இரு.' பாவி, ஒன்றும் அறியாத பாவி. எவ்வளவு நல்ல மனசு இருந்தால் விமானத்துக்கு டயர் மாற்றுகிற நேரத்தில் போய் இன்னொருவன் அப்பனைப் பார்ப்பான். அந்த நல்ல மனசோடு போய் வீட்டைக் கொளுத்திவிட்டு வந்திருக்கிறான். நாலாவதாக எழுந்து. பெரியதைக் கேட்டு. அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரியும், நேற்றிலிருந்து தெரியும், ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு ராத்திரி முழுக்கத் தெரிந்து படுத்திருந்திருக்கிறார்.

பத்தொன்பது பேர் அந்த வகுப்பில். வயதில் மூத்தவன் முதலில், இளையவன் கடைசியில், அதுதான் முறை. பேரைக் கூப்பிடக் கூப்பிட எழுந்து எந்த விமானம் வேண்டும் என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய ஜெட்டு என்றால் தில்லியில் வாசம், வரிசையில் முன்னால் நானூறு விமானிகள், எப்போது பறப்போம் என்று யாருக்கும் தெரியாது. சின்னது என்றால் இறக்கையில் காற்றாடி சுற்றுகிற எழுபது பேர் விமானம். ஆனால் சென்னையில் வாசம், ஆள் குறைவு, இரண்டாவது மாதமே நிரந்தர அட்டவணை, தினமும் தூத்துக்குடிக்கு ஒரு நடை. மூத்தவன் சிபிதான். பெரியதே இத்தனை இருக்க, எழுந்து நின்று, "சின்னதுங்க. வீட்டுக்குப் போய்ட்டு போய்ட்டு வரலாமுங்க" என்றான். அறையே சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் உதட்டைக் குவித்து டுர்ர்ர் என்று காற்றாடிச் சத்தம் விட்டான். இன்னொருவன், "கண்டக்டர், ஒரு தூத்துக்குடி" என்று தமிழிலேயே கத்தினான். நாலாவதாக ரெமியின் பேர் வந்தது. எழுந்தான். வாயில் சின்னது என்கிற சொல்தான் இருந்தது, சத்தியமாக அதுதான் இருந்தது, நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த டுர்ர்ர் இன்னும் காதில் ஓய்ந்திருக்கவில்லை. "பெரியது" என்றான். அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம். உட்கார்ந்தபோது யாரோ முதுகில் தட்டினார்கள். ராத்திரி வீட்டுக்குப் பேசும்போது அப்பா கேட்டார், "நம்மூருக்கு வருமே அந்த பிளேனா ல?" "இல்லப்பா. கம்பெனி பெருசுல போட்டுட்டாவ. நம்ம கைல ஒண்ணுமில்ல." "சரி. போட்டா போட்டதுதான்" என்றார் அப்பா. நம்ம கைல ஒண்ணுமில்ல. அந்தச் சொல்தான் அவரை அடக்கிற்று. துறைமுகத்தில் முப்பத்தோரு வருசம் அதைச் சொல்லியே வாழ்ந்த மனிதர்.

இழுவைப் படகில் எஞ்சின்காரர் அப்பா. பெரிய கப்பல்களால் தானாகக் கரை சேர முடியாது, தென்னந்தோப்புக்குள் வந்த யானை மாதிரி நிற்கும். இந்தச் சின்னப் படகு போய் முட்டிமுட்டித் தள்ளி, இழுத்துக் கொண்டுவந்து கட்டும். கப்பல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு மணி நேரம் எஞ்சினுக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சாக்கில் உட்கார்ந்திருப்பார். சில நாள் கூப்பிடுவார்கள், சில நாள் அப்படியே சோற்றுத்தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பிவருவார். "என்னப்பா இன்னைக்கு?" என்றால் "கப்பல் வரல" என்பார், மழை பெய்யல என்பது மாதிரி. ரெமிக்கு அந்தச் சொல் பள்ளிக்கூடத்தில் வெட்கமாக இருந்தது. உங்கப்பா என்ன வேலை? கப்பலுக்குக் காத்திருக்கிற வேலை. அதனால்தான் தானும் காத்துக்கிடக்கிறேன் என்று சொல்ல இப்போதும் வாய் வரவில்லை. எண்பத்து மூன்று நாளும் அப்பாவுக்கு ஒரு ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்னைக்கு எங்கல போன? வாரணாசி. நேத்து? ராஞ்சி, அங்க ஒரே மழை, மேகத்தச் சுத்திப் போனோம். பஞ்சாபிக்காரன் பறந்துவிட்டு வந்து சொன்னதை அப்படியே எடுத்து, மழையைக் கொஞ்சம் கூட்டி, மின்னலைக் கொஞ்சம் சேர்த்து. பாட்னாவைத்தான் அடிக்கடி சொல்வான். கங்கை வரும் என்பதால் அப்பாவுக்கு அது பிடிக்கும். "அகலம் எம்புட்டு இருக்கும்? நம்ம தாமிரவருணி நாலு போடலாமா?" "பத்து போடலாம்ப்பா." "பத்தா!" அந்தப் 'பத்தா'வுக்காகவே பாட்னாவுக்குப் பறந்தான், இந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருக்காமல்.

பன்னிரண்டு நாலுக்கு அடித்தது. இரண்டு நொடி. அக்கா. "உள்ள வந்துட்டேன். முழிச்சுதான் இருக்காவ. ரொம்பப் பேச விடாத, என்ன?" பிறகு ஒரு உரசல், துணியோ தலையணையோ, அதற்குப் பின்னால் ஒரு எந்திரம் சீராகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, பிறகு அந்த மூச்சு. கரையில் இழுத்துப் போட்ட வலையில் தண்ணீர் வடிகிற சத்தம். "எல... ரெமி." "அப்பா." "இன்னைக்கு... எங்க?" பாட்னா என்று வந்தது வாய்க்குள். கடித்துக்கொண்டான். "எங்கயும் போகலப்பா. வீட்லதான் உக்காந்திருக்கேன். கூப்ட்டாத்தான் போணும். இத்தன நாளும்... கூப்டவே இல்லப்பா. சும்மா சொன்னேன், வாரணாசி, ராஞ்சி, எல்லாம்." சொல்லிவிட்டான்.  அந்தப் பக்கம் வலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. "ஸ்டாண்ட்பையா?" என்றார் அப்பா. அந்தச் சொல் அவருக்குத் தெரியும் என்று ஏன் தோன்றாமல் போயிற்று. துறைமுகத்துச் சொல் அது, இவன் பிறக்கும் முன்பே அவர் வாயில் இருந்த சொல். "ஆமாப்பா." "நான் பாத்ததும்... அதுதாம்ல. காத்துக் கெடக்கதும்... வேலதான்." மூச்சு. மூச்சு. "அந்தப் பய வந்தான். கோபிக்காரப் பய. நல்ல பய." "ம்." "சிரிக்கப் பேசுதான்." "ம்." ரெமி போனைக் காதோடு அழுத்தினான், அழுத்தினால் இங்கிருந்து அந்தக் கட்டிலுக்கு ஒரு அங்குலமாவது கிட்டப் போகலாம் என்பது மாதிரி. இப்போது வரும். கோபமாக வரட்டும், திட்டட்டும், ஏம்ல பொய் சொன்ன என்று கேட்கட்டும். அப்பா திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரி, சந்தையில் ஒரு மீனைப் புரட்டிப் பார்த்துக் கேட்கிற குரலில் கேட்டார். "சின்னதுல... என்னல கொற?"

காதுக்குள் டொக் டொக் என்றது. போனைத் தள்ளிப் பார்த்தான். கம்பெனி. அந்தக் குளியலறை நாளுக்குப் பிறகு வராத எண், இப்போது, இந்தக் கேள்விக்கு மேலே ஏறி நின்று துடித்தது. ஒன்று. "அப்பா..." இரண்டு. "அப்பா, கம்பெனில கூப்பிடுதாவ, ஒரே நிமிசம், லைன்லயே இருங்க, வச்சிராதிய." அப்பாவின் குரலில் திடீரென்று ஒரு பலம் வந்தது, எங்கிருந்து வந்ததோ, படகில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கத்துகிற பலம். "எடு, எடு. கப்பல் வந்துட்டு!" எடுத்தான். பேரைக் கேட்டாள். ஊழியர் எண்ணைக் கேட்டாள். சொன்னான், எழுந்து நின்றே சொன்னான், கறுப்புத் தோல் சப்பாத்தில் ஒரு கால்கூட நுழைந்துவிட்டது. "நன்றி. காத்திருப்பில் இருப்பவர்கள் தொடர்புக்குக் கிடைக்கிறார்களா என்று சோதிக்கிறோம். இந்த மாதத்திலிருந்து புது ஏற்பாடு. வேறொன்றுமில்லை, நல்ல நாளாக இருக்கட்டும்." நாற்பது நொடி. திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் யாருமில்லை. கூப்பிட்டான், எடுக்கவில்லை. கூப்பிட்டான். சின்னதுல ஒரு குறையுமில்லப்பா. சிரிச்சாவப்பா, அதான். இரண்டு வரி. இரண்டே வரி, நாற்பது நொடிகூட ஆகாது. கூப்பிட்டான். ஒற்றைச் சப்பாத்தோடு அறையின் குறுக்கே நடந்தான், டக்கென்றும் சத்தமில்லாமலும், டக்கென்றும் சத்தமில்லாமலும்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அக்காவே எடுத்தாள். "மூச்சு முட்டிட்டு. ஊசியப் போட்டுத் தூங்க வச்சுட்டாவ, என்னைய வெளிய போகச் சொல்லிட்டாவ." "அக்கா..." "நீ ஒண்ணும் நெனக்காத. அப்பா மொகம் எப்படி இருந்துச்சு தெரியுமால? கப்பல் வந்துட்டு, புள்ளைக்குக் கப்பல் வந்துட்டுன்னு அந்த நர்சுகிட்ட சொல்லுதாவ. எந்த ஊருக்குன்னு கேட்டாவ, நான் என்னத்தக் கண்டேன்? எந்த ஊருல?" சொல்லிவிட வேண்டியதுதான். வேறொன்றுமில்லை, சோதிக்கிறோம். அதை எப்படி ஒருத்தி அந்தக் காதில் போய்ச் சொல்வாள், ஊசி போட்டுத் தூங்குகிற காதில், கப்பல் வந்துட்டு என்று தூங்கிப்போன காதில்? "பாட்னாக்கா" என்றான். "சரி. முழிச்சா சொல்லுதேன். போன ஆஃப் பண்ணிருவ, இல்ல?" "ஆமாக்கா. ரெண்டரைலருந்து." "பத்திரமா ஓட்டு. நான் கூப்பிட மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். ஆஃப் பண்ண முடியாது என்பது வைத்த பிறகுதான் உறைத்தது. ஐந்தரை வரைக்கும் இந்தப் போன் உயிரோடு இருக்க வேண்டும். பறக்கிறவன் போன் செத்திருக்க வேண்டும்.

வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் பாட்னாவுக்குப் போனான். இன்னொரு சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒன்றரைக்குக் கையெழுத்துப் போட்டான். இரண்டுக்கு எரிபொருள் பார்த்தான், மேகம் பார்த்தான், சக்கரத்தைச் சுற்றி நடந்து பார்த்தான். இரண்டரைக்கு ஓடுபாதை. வலது கை மடியிலிருந்து எழுந்து எதையோ பின்னுக்கு இழுத்தது. ஜன்னலுக்கு வெளியே நிஜ விமானம் ஒன்று கூரையைச் சிராய்த்துக்கொண்டு போயிற்று, கண்ணாடி டம்ளர் மேசையில் நடுங்கியது, அந்த விமானத்துக்குள் நானூறில் எவனோ ஒருவன் இருந்தான். சின்னதில் இருந்திருந்தால் இந்நேரம் உப்பளத்துக்கு மேலே வெள்ளைவெள்ளையாகப் பாத்தி தெரியும். நாலாவது மாடி ஜன்னலுக்கு முன்னாலேயே போகும் அந்தச் சத்தம், டுர்ர்ர் என்று, ஊரே சிரித்தாலும் சிரிக்கட்டும், அந்தக் கட்டிலில் கிடக்கிறவர் கண்ணைத் திருப்பி எம்புள்ளை போறான் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று பத்து. லக்னோ கீழே போயிற்று. காதில் ஒன்றும் கேட்காத உயரம் அது, யாரும் கூப்பிட முடியாத உயரம், இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த உயரத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இறங்காமலே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனசு பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. மூன்றே முக்காலுக்குக் கீழே இறங்கத் தொடங்கினான். கங்கை தெரிந்தது. பத்து போடலாம்ப்பா, பத்துக்கு மேலேயும் போடலாம்.

மூன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது. இரண்டு நொடி பார்க்காமல் வைத்திருந்தான். மூன்று நொடி வைத்திருந்தான். பார்த்தான். ஜெனோவா அக்கா. கூப்பிட மாட்டேன் என்று சொன்னவள் கூப்பிடுகிறாள். செத்த போன் என்று நினைத்துக்கொண்டு, அடிக்காது என்று தெரிந்துகொண்டே கூப்பிடுகிறாள். கூப்பிடாமல் இருக்க முடியாத எதையோ கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள். அந்தப் பக்கம் மணி போவதை அவள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பாள். மணி போகிறதென்றால் அவன் தரையில் இருக்கிறான். எடுத்தால் அவன் பாட்னாவில் இல்லை. எடுக்காவிட்டால் அவன் எங்குமே இல்லை. விரல் பச்சைக்கு மேலே போய் நின்றது, தொடவில்லை, கழுத்தில் அந்தத் துணிச்சீட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை. நாலாவது முறை. தொட்டுவிட்டால், சின்னதில் என்ன குறை என்ற அந்தக் கேள்விக்கு இனி யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடும். ஐந்தாவது முறையும் அடித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு ரெமிஜியஸ் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாட்னாவில் இறங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.